ரோஜா நிறத் தீர்த்தம்

மகராஜின் வலது காலைத் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தபோதுதான் ஷர்பதிக்கு அந்த வாடை அடித்தது. சந்தனத்தையும் துளசியையும் மீறிக்கொண்டு வந்தது, செத்த எலி வெயிலில் கிடந்த மாதிரி. மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் கறுத்து, உள்ளிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது.

கதவுக்கு வெளியே பக்தர்கள் உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தக் கால் கழுவிய தண்ணீரைக் குடிப்பதற்காக.

விருந்தாவனத்தில் எங்கள் சந்தில் ஷர்பதியைத் தெரியாதவர்கள் கிடையாது. கோஸி என்ற ஊரில் ஒரு மிட்டாய்க்கடைக்காரனின் பெண்டாட்டியாக இருந்தவள். பெற்ற மூன்றும் நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டன. மாமியார் வீட்டில் அவளுக்குப் பிள்ளைதின்னி என்று பெயர் வைத்தார்கள். அவள் தொட்ட குடத்தை உடைத்தார்கள். தெருவில் கர்ப்பிணிகள் அவளைக் கண்டால் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டார்கள்.

ஒருநாள் தோளில் ஜோல்னாப் பையோடு ஒரு சாமியார் வீடு வீடாக ரொட்டித் துண்டு வாங்கிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்.

"அந்த வீட்டுல வாங்காதீங்க பாபா. அவ பெத்ததையே தின்னவ."

அவர் ஷர்பதி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அவள் நீட்டிய ரொட்டியைத் தெரு முழுக்கப் பார்க்க மென்று தின்றார்.

"இன்னொண்ணு குடும்மா. உப்புதான் கொஞ்சம் கம்மி."

அன்றைக்கு அழ ஆரம்பித்தவள் அழுகை நின்றபோது அவர் பின்னால் விருந்தாவனத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். யமுனைக் கரையில் அவருக்கு ஒரு குடிசை. நிகுஞ்ச தாஸ் என்று பெயர், பின்னாளில் எல்லோருக்கும் மகராஜ். அவள் காதில் மந்திரம் சொன்ன கையோடு அவர் சொன்னது இவ்வளவுதான்: "தினமும் இதைச் சொல்லு. என்னை விழுந்து விழுந்து கும்பிடாத. கால் வலிச்சா கொஞ்சம் அமுக்கி விடு, போதும்."

அந்தக் குடிசை இன்று இல்லை. ஹாத்ரஸ் துணிக்கடையில் சேலை விரித்துக்கொண்டிருந்த கிஷோரி சரண் சீடனாக வந்த பிறகு குடிசை கூடமாயிற்று, கூடம் பளிங்கு மாளிகையாயிற்று. மகராஜின் முகம் கடிகாரத்திலும் சாவிக்கொத்திலும் சிரித்தது. பக்தர்கள் லட்டு கொண்டுவருவார்கள். மகராஜ் ஒரு கடி கடித்துத் திருப்பித் தரவேண்டும், எச்சில் பட்ட மிச்சம் பிரசாதம். எச்சில் ஒழுகும் அந்த லட்டைக் கைமாற்றிக் கைமாற்றி, விரலிடுக்கில் ஒட்டியதைக்கூட நக்கித் தின்பவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் மகராஜ் வேண்டாம் என்றார். பிறகு பேசாமல் இருந்தார். பிறகு அவருக்கே அது பிடித்துப்போயிற்று. இதை ஷர்பதிதான் சொன்னாள், அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஊரார் ஊட்டிய லட்டெல்லாம் சேர்ந்து அவர் ரத்தத்தில் சர்க்கரையாக ஏறி, கடைசியில் காலில் வந்து இறங்கியது.

அன்று தண்ணீரை வெளியே அனுப்பாமல் ஷர்பதி நேரே கிஷோரி சரணிடம் போனாள்.

"கால் அழுகுது, ஜி. டாக்டரைக் கூப்பிடுங்க."

"மெதுவா பேசு. அழுகுதுன்னு சொல்ற வாய் அழுகிடும்." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டான். "சீடருங்க பாவத்தை மகராஜ் தன் உடம்புல வாங்கிக்கிறார். அதான் கால் வழியா வெளிய போகுது."

"பாவத்துக்கு இப்படியா நாத்தம் அடிக்கும்?"

"உன் பாவமா இருக்கும். குரு பூர்ணிமா வருது, ஊர்ப்பட்ட ஜனம் வரும். அந்த நேரத்துல குருவே ஊசி போட்டுக்கிட்டுப் படுத்திருந்தா அவங்க எதை நம்பி வருவாங்க?"

மறுநாளே அந்தப் பாவக் கதை ஊரெங்கும் பரவியது. கூட்டம் குறையும் என்றுதான் ஷர்பதி நினைத்தாள். கூட்டம் இரட்டித்தது. தங்கள் பாவம் கரைந்த தண்ணீரைத் தாங்களே குடிக்க முண்டியடித்தார்கள்.

சந்துமுனை மருந்துக்கடைக் கம்பவுண்டரிடம் போய்ப் புண் கழுவ ஏதாவது கொடு என்று கேட்டாள். கருஞ்சிவப்பாகக் கொஞ்சம் படிக மருந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். மழைக்காலத்தில் கிணற்றில் போடுவதும் அதே மருந்துதான். மறுநாள் காலையில் தாம்பாளத்து நீரில் அதைத் தூவிக் காலைக் கழுவினாள். தண்ணீர் அழகான ரோஜா நிறமாயிற்று. புண்ணிலிருந்து உதிர்ந்தது அதில் மிதந்தது. அதைச் சாக்கடையில் கொட்ட எடுத்துக்கொண்டு திரும்பியபோது கதவருகில் நின்ற ஒரு சேட்டம்மா பார்த்துவிட்டாள்.

"ராதே ராதே. தீர்த்தம் நிறம் மாறிடுச்சு."

அவ்வளவுதான். ராதாராணியின் பாதச் சிவப்பு மகராஜின் பாதத்தில் இறங்கிவிட்டது என்று அழுதார்கள், தரையில் புரண்டார்கள். சேட்டம்மா அந்தத் தாம்பாளத்திலிருந்தே ஒரு டம்ளரை நிரப்பித் தன் மருமகளிடம் நீட்டினாள். அந்தப் பெண் நிறைமாதம். வாயருகே கொண்டுபோனதும் அவளுக்குக் குமட்டியது.

"அத்தை, வாடை அடிக்குது."

"குரு தீர்த்தத்துல வாடையா? மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி. ஆம்பளைப் பிள்ளை வேணுமா வேண்டாமா?"

"அது மருந்து சேட்டம்மா," என்றாள் ஷர்பதி. "புண்ணு கழுவுற மருந்து. நான்தான் போட்டேன். குடிக்காதம்மா."

சேட்டம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்க புள்ள பெத்து வாழுறது உனக்குப் பொறுக்காதுதான்."

மருமகள் குடித்தாள். குடித்த வேகத்தில் அங்கேயே வாந்தியெடுத்தாள். பாவம் வெளியே வந்துவிட்டது என்று சுற்றியிருந்தவர்கள் ஜெய் போட்டார்கள். கிஷோரி சரண் அந்த ரோஜா நிறத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைக்க ஆள் வைத்தான்.

அன்று மத்தியானம் யாருமில்லாத வேளையில் மகராஜ் ஷர்பதியின் கையைப் பிடித்தார். கை நெருப்பாகக் கொதித்தது. காய்ச்சலில் பாதி உடம்பாகியிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடு, ஷர்பதி."

"நீங்க வாயைத் திறந்து சொல்லுங்க பாபா. உங்க வார்த்தையை யார் தட்டுவாங்க?"

"சொன்னா போயிடுவாங்க," என்றார். குழந்தையைப் போல உதடு பிதுங்கியது. "எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிடுவாங்க."

ஷர்பதிக்கு அவர்மேல் வாழ்நாளில் முதல் தடவையாக அருவருப்பு வந்தது. காலைப் பார்த்து வராத அருவருப்பு. புடவைத் தலைப்பால் அவர் முகத்து வியர்வையைத் துடைத்தாள், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "போகட்டும் பாபா. உயிர் போறதுக்கு அது தேவலை. நாளைக்குப் பூர்ணிமா. எல்லார் முன்னாலயும் சொல்லிடுங்க. நான் வண்டி வெச்சிருக்கேன்."

வண்டி என்பது தோத்தாராமின் டெம்போ. எங்கள் சந்துக்காரன், ஷர்பதியை ஜீஜி என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவான். "பின்வாசல்ல நிக்கிறேன் ஜீஜி," என்றான். "ஆனா சாமியைக் கடத்தினான்னு என்னைப் போலீஸ்ல குடுத்தா ஜாமீனுக்கு நீதான் வரணும்."

பூர்ணிமாவன்று கூடம் பிதுங்கியது. மகராஜை மேடையில் சாய்த்து உட்காரவைத்து, காலில் பட்டுத் துணியைச் சுற்றி, மேலே அத்தரை ஊற்றியிருந்தார்கள். அத்தரும் அழுகலும் கலந்த அந்த நெடி இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. ஷர்பதி கால் கழுவிய தீர்த்தத் தாம்பாளத்தோடு காலடியில் உட்கார்ந்திருந்தாள். மகராஜ் கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது.

"என் கால் அழுகுது," என்றார். "நான் செத்துப்போயிடுவேன். என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

கிஷோரி சரண் ஒலிபெருக்கியைப் பிடுங்கினான்.

"கேட்டீங்களா? குரு நம்ம பக்தியைச் சோதிக்கிறார். நானும் உங்களை மாதிரி மனுஷன்தான்னு சொல்லிப் பார்க்கிறார். நாம ஏமாந்துடுவோமா?"

"மாட்டோம்," என்று கூடமே அலறியது.

"இல்லப்பா, நிஜமா வலிக்குது," என்றார் மகராஜ். அவர் அழுதார். அழுவதைப் பார்த்து அவர்களும் நெகிழ்ந்து அழுதார்கள். குருவின் வார்த்தைக்குக் கிணற்றில் குதிப்போம் என்று சொன்னவர்கள், அவர் வாய்விட்டுக் கேட்ட ஒன்றே ஒன்றைக் காதில் வாங்கவில்லை. எத்தனையோ ஊர்க் கூட்டங்களைப் பார்த்தவன் நான். இவ்வளவு பாசமாக ஒரு மனிதனைச் சாகவிடும் கூட்டத்தைப் பார்த்ததில்லை.

ஷர்பதி எழுந்தாள். ததும்பத் ததும்ப நிறைந்திருந்த தாம்பாளத்தைத் தலைக்கு மேலே தூக்கி, மேடையிலிருந்து கூட்டத்தின் நடுவே கொட்டினாள்.

யாரோ அவள் முதுகில் குத்தினார்கள். யாரோ கூந்தலைப் பிடித்து இழுத்தார்கள். அதற்குள் ஒருத்தி, "தீர்த்தம் வீணாகுது," என்று கத்திக்கொண்டு தரையில் விழுந்தாள். பிடித்த கைகள் விட்டன. அத்தனை பேரும் விழுந்தார்கள். முந்தானையால் ஒற்றிப் பிழிந்து வாயில் விட்டுக்கொண்டார்கள். செருப்புப் புழுதி படிந்த பளிங்கில் நாக்கை வைத்து நக்கினார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பக்கத்தில் இருந்தவரின் நனைந்த வேட்டி நுனியைச் சப்பினார். கிஷோரி சரண் குப்பிகளைக் காப்பாற்ற ஓடினான்.

மேடையில் யாரும் இல்லை. ஷர்பதி மகராஜைச் சாக்கு மூட்டை போல முதுகில் தூக்கிக்கொண்டாள். பின்வாசலில் தோத்தாராம் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தான். அவரை உள்ளே கிடத்திவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"என்ன ஜீஜி, முதுகெல்லாம் ஈரம்?"

"ஓட்டுடா," என்றாள்.

மதுராவில் டாக்டர்கள் அன்றே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார்கள். மயக்கம் தெளிந்து மகராஜ் கண்ணைத் திறந்தபோது ஷர்பதி கட்டிலைக் கட்டிக்கொண்டு விம்மினாள். பிழைத்துவிட்டார். அவளுக்கு அது போதும்.

கிஷோரி சரண் மறுநாள் வந்தான். கையில் சிவப்புப் பட்டு விரித்த வெள்ளிப் பெட்டி. கட்டிலைப் பார்க்கவில்லை. நேரே ஷர்பதியிடம் வந்தான்.

"கால் எங்க?"

"அவரு எப்படி இருக்கார்னு கேளுங்க முதல்ல."

"கேக்குறேன், கேக்குறேன். கால் எங்க? உன்கிட்டதான் ஒப்படைச்சாங்களாமே. ஆசிரமத்துல வெச்சு சமாதி கட்டணும். கீழ ஜனம் காத்துக்கிட்டு இருக்கு."

கட்டிலிலிருந்து மகராஜின் குரல் மெல்ல வந்தது. "குடுத்துடு ஷர்பதி. அவங்களுக்கு வேண்டியது அதுதான்."

ஷர்பதி அவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். "இத்தனை வருஷத்துல நீங்க சொன்ன ஒண்ணைக்கூட நான் தட்டினதில்ல பாபா. இதைத் தட்டுறேன். குரு துரோகம்னா என் தலையில வரட்டும்." பிறகு கிஷோரி சரணைப் பார்த்தாள். "விடியக்காலையிலயே புதைச்சாச்சு. எங்கன்னு சொல்ல மாட்டேன். என்னை வெட்டிப் போட்டாலும் சொல்ல மாட்டேன்."

அவன் பெட்டியை மூடினான், மேலே பட்டைப் போர்த்தினான். உள்ளே கனமான எதுவோ இருப்பது போல இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனான். கீழே பெருங்கூச்சல் எழுந்தது. சங்கு ஊதினார்கள்.

மகராஜ் தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கினார். பழைய பழக்கத்தில் ஆசீர்வதிக்கக் கை பாதி உயர்ந்தது.

"யாருக்கு ஜெய் போடுறாங்க?"

"பெட்டிக்கு, பாபா."

உயர்ந்த கையை ஷர்பதி பிடித்து மெதுவாகப் போர்வைக்குள் வைத்தாள்.