இட்லி அளவு எழுதிய பக்கம்

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்கு வந்த முதல் சீக்கு, பேச ஆள் இல்லாத சீக்கு. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு போகும் வண்டியில் நின்றபடியே ஆயுசில் பாதியைக் கழித்தவன் நான். "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்குது" என்று கத்திக் கத்தித் தொண்டையே தடித்துப்போனது. சில்லறை இல்லாதவனோடு சண்டை, படியில் தொங்குகிறவனோடு சண்டை, ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் இறக்கிவிடச் சொல்கிறவனோடு சண்டை. ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார மாட்டோமா என்று அப்போது ஏங்கியிருக்கிறேன். கேட்டது கிடைத்துவிட்டது. இப்போது தினமும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் நான் ஒருவன்தான். மகள் பள்ளியில் படிக்கும்போதே என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு சமையல் என் தலையில் விழுந்தது. முதலில் கருக்கினேன், தீய்த்தேன், பிறகு கற்றுக்கொண்டேன். என் கையால் சாப்பிட்டு வளர்ந்த அந்தப் பெண் இன்று மெல்போர்னில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும் நேரம் இங்கே பகல் ஒரு மணி. அப்போது போன் வரும்.

"நைனா, கருவாட்டுக் கொழம்புக்கு புளி எவ்ளோ?"

"ஒரு எலுமிச்சம்பழம் அளவுமா. கருவாட்ட சுடுதண்ணில போட்டு அலசுனியா?"

"அலசிக்கினுதான் இருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அவள் வேலையைப் பார்ப்பாள். வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்கும். கடுகு வெடிக்கும். குழாயைத் திறப்பாள், மூடுவாள். நான் இங்கே என் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். குழம்பு கொதித்ததும், "சரி நைனா, வெச்சிடறேன்" என்பாள். அந்தச் சத்தத்துக்காகவே நான் காலையிலிருந்து ஒரு மணியை எதிர்பார்த்துக் கிடப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நானாக அவளைக் கூப்பிட மாட்டேன். ஒருமுறை கூப்பிட்டேன். நைட் டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவள் பதறி எழுந்து, "நைனா, இன்னாச்சு? எங்க விழுந்த?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லமா, சும்மாதான்" என்றேன். "சும்மாவா?" என்றாள். அந்த ஒரு சொல் சுருக்கென்று தைத்தது. அவள் மேல் தப்பில்லை. காரணம் இல்லாமல் பேசத் தெரியாத வீடு எங்கள் வீடு. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவளே சொன்னாள்: "எந்நேரமும் டிவியையே பாத்துக்கினு இருக்காத நைனா. எதுனா கத்துக்கோ." மறுநாள் ஒரு லிங்க் அனுப்பினாள். வெப்சைட் செய்யக் கற்றுத்தரும் இடமாம். காசு கிடையாது, சின்னச் சின்னப் பாடம், படித்த கையோடு அங்கேயே செய்து பார்க்கலாம், தமிழிலும் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பன்காரன் தனியாகக் கிடக்கிறான் என்றால் ஊருக்கு ஒரு நடை வருகிறவள் பிள்ளையா, லிங்க் அனுப்புகிறவள் பிள்ளையா? இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் டிவியில் ஓடியதையே ஓட்டினார்கள். அவள் விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் துடைத்துத் திறந்தேன்.

முதல் பாடத்தில், திரையில் தெரிய வேண்டிய ஒரு வாக்கியத்தை எழுதச் சொன்னார்கள். எனக்கு வேறு என்ன வரும்? "உள்ள போ, நடுவுல எடம் இருக்குது" என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன். பட்டனை அழுத்தியதும் வலது பக்கத்தில் அது பெரிதாக வந்து நின்றது. கீழே பச்சை நிறத்தில் ஒரு டிக். "சபாஷ்! அருமையாகச் செய்தீர்கள்!" என்று போட்டிருந்தது. சிரிப்புதான் வந்தது. சர்வீஸ் முழுக்க ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து எனக்கு அந்த வார்த்தை வந்ததில்லை.

இந்த வேலையில் எல்லாவற்றையும் ஒரு குறி போட்டுத் திறந்து, முடிந்ததும் மூட வேண்டும். அந்தக் குறிக்குப் பெயர் டேக். தடித்த எழுத்து வேண்டுமென்றால் ஒரு டேக் போட்டுத் திறக்க வேண்டும். போதும் என்கிற இடத்தில் இன்னொன்று போட்டு மூட வேண்டும். நான் ஒருமுறை மூட மறந்துவிட்டேன். அதற்குக் கீழே இருந்த அத்தனை வரியும் தடித்துக்கொண்டு நின்றது. எங்கே கோளாறு என்று ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேடினேன். கண்டுபிடித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். கதவைச் சாத்தாமல் ஒருநாளும் விசில் கொடுக்காதவன், இங்கே வந்து டேக்கைத் திறந்துபோட்டு விட்டேனே! அதன் பிறகு ஒவ்வொன்றையும் மூடியதும் "போலாம் ரைட்" என்று வாய்விட்டே சொல்ல ஆரம்பித்தேன். வீட்டில் கேட்க யார் இருக்கிறார்கள்?

நடுவில் காய்ச்சல் வந்து நாலைந்து நாள் படுத்துவிட்டேன். மகள் கவலைப்படுவாள் என்று அவளிடம் மூச்சு விடவில்லை. அப்போது அந்தத் தளத்திலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. "உங்களைச் சில நாட்களாகக் காணவில்லையே!" மெஷின் தானாக அனுப்புவதுதான், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கக்கேடு.

பாடங்கள் பாதி தாண்டியதும், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஏதாவது ஒன்றைப் பற்றிச் சொந்தமாக ஒரு பக்கம் செய்யுங்கள் என்றார்கள். பஸ் டைமிங் போடலாமென்று நினைத்தேன்; என் காலத்து டைமிங் இப்போது யாருக்கு வேண்டும்? எனக்குத் தெரிந்த இன்னொன்று சமையல். மகள் கேட்பதையெல்லாம் எழுதினால் என்ன என்று தோன்றியது. கருவாட்டுக் குழம்பு, மிளகு ரசம், கத்திரிக்காய் கொத்சு, வேர்க்கடலைச் சட்னி, எல்லாவற்றுக்கும் மேலே காஞ்சிபுரம் இட்லி. எது எவ்வளவு, எதற்குப் பின் எது என்று ஒன்று விடாமல் எழுதினேன். மாம்பழ மஞ்சள் பின்னணி, அரக்கு நிற எழுத்து. இந்த ஊர்க்காரன் வேறென்ன நிறம் வைப்பான்? படித்த இடத்திலேயே ஓர் ஓரமாக இடம் கொடுத்து, பக்கத்தை ஊர் உலகம் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்ள விட்டார்கள்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டினேன். தறி போட்டிருப்பவர், என் வயசு. தறிக் குழியிலிருந்து ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, என் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுபா. பொடவ படத்த எப்ப போடப்போற?"

"பொடவ இல்லபா. இது சமையல்."

"அப்ப வெப்சைட்டு எதுக்குபா?" என்று நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டுவிட்டுத் திரும்பவும் தறியில் இறங்கிவிட்டார். காஞ்சிபுரத்தில் வெப்சைட் என்றால் புடவை விற்கத்தான்.

மகளுக்கு லிங்கை அனுப்பினேன். அடுத்த நிமிஷம் போன். "நைனா! இத நீயா செஞ்ச? சத்தியமா நீயேவா?" என்று கத்தினாள். ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் காட்டப்போவதாகச் சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசியில், "இனிமே தெனம் உன்ன தொந்தரவு பண்ண வேணாம் நைனா, எல்லாம் இதுலயே இருக்குது" என்றாள். நானும் பெருமையாக, "ஆமாமா, எல்லாம் போட்டுட்டேன்" என்றேன். அந்த நேரம் என் புத்தி எங்கே மேயப்போயிருந்ததோ.

மறுநாள் ஒரு மணிக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வாரக் கடைசியில் கூப்பிட்டு, உடம்பு எப்படி, மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தாள். அடுத்த வாரமும் அப்படியே. வெங்காயச் சத்தம் நின்றுபோனது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

என் பக்கத்தை அன்றைக்கு எத்தனை தடவை திறந்து பார்த்தார்கள் என்று காட்டும் ஒரு மூலை உண்டு. பகல் ஒரு மணி வாக்கில் அதைத் திறந்துவைத்து உட்காருவேன். சைபர் என்று இருப்பது திடீரென்று ஒன்று என்று மாறும். அவள்தான். இந்த நிமிஷம் அடுப்படியில் நின்று நான் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ரசமா, கொத்சா, தெரியாது. என் சமையல் அங்கே கொதிக்கிறது, எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. என் வாயை நானே தைத்துக்கொண்டேன் என்று தோன்றியது. அவ்வளவு தனிமையை அதற்கு முன் நான் பட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கமென்ட் என்கிற பாடம் வந்தது. ஒரு வரியின் முன்னும் பின்னும் ஒரு குறி போட்டுவிட்டால் பிரவுசர் அதைக் காட்டாது. வரி அழியாது, எழுதிய இடத்திலேயே இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் தெரியாது. பாடத்தைப் படித்ததுமே எனக்குள் ஒரு பேய் எழுந்து உட்கார்ந்தது.

எதை மறைப்பது? கருவாட்டை அலசு என்கிற வரியை மறைத்தால் குழம்பு உப்புக் கரிக்கும். பிள்ளை பசியோடு வந்து வாயில் வைப்பாள், அதைக் கெடுக்கலாமா? சீ என்று விட்டேன். அந்த வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து ஒரு செய்தி: அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார்களாம், காஞ்சிபுரம் இட்லி செய்யப்போகிறாளாம். அளவு தெரியாமல் இட்லிக்கு ஊறவைக்கவே முடியாது. அது பக்கத்தில் இல்லையென்றால் என்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பச்சரிசி ஒரு பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்ற வரிக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. மூடியாகிவிட்டது. "போலாம் ரைட்" என்றேன்.

சனிக்கிழமை பகல் போனை முழுச் சார்ஜில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சைபர் ஒன்றாயிற்று. கொஞ்ச நேரத்தில் இரண்டாயிற்று. வரி வரவில்லையென்று திரும்பவும் திறந்து பார்க்கிறாள். கேட்டால் என்ன சொல்வது, எப்படிப் பேச்சை வளர்ப்பது என்று ஒத்திகை பார்த்தேன். மூன்றாயிற்று. அதோடு சரி. சாயங்காலம் வரை அந்தப் போன் கல்லுமாதிரி கிடந்தது.

ஞாயிறு பகல் ஒரு படம் வந்தது. டம்ளரில் வேகவைத்த உயரமான இட்லிகள், மேலே மிளகும் முந்திரியும் தெரிய, தட்டு நிறைய. கூடவே: "நைனா, உன் பேஜ்ல இட்லி அளவு விட்டுப்போச்சு பாரு. வேற ஒரு சைட்ல பாத்துக்கினேன். சூப்பரா வந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு வரியை மறைத்துவிட்டால் உலகத்தில் வேறு இட்லி இல்லையா என்ன? லேப்டாப்பைத் திறந்து, போட்ட குறி இரண்டையும் எடுத்துவிட்டேன். அளவு பழையபடி வந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரணம் இல்லாமல் கூப்பிடத் தெரியாத வீடு. அவளுக்கு இருந்த காரணத்தை நான்தான் எழுதித் தீர்த்தேன். எனக்கு ஒரு காரணம் வேண்டும்.

போனை எடுத்தேன். மணி அடித்தது. எடுத்ததும், "நைனா, இன்னாச்சு?" என்றாள். பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"ஒண்ணும் இல்லமா. அந்த இட்லி. நீ இன்னா அளவு போட்ட?"

"உனக்குத் தெரியாதா நைனா? நீதான எனக்கே செஞ்சு குடுத்த?"

"மறந்துபோச்சுமா" என்றேன். திரையில் அந்த வரி அரக்கு எழுத்தில் என் எதிரே இருந்தது. லேப்டாப்பை மூடினேன்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"சரி, சொல்றேன் கேளு. மொதல்ல பச்சரிசி..."

"மெதுவா சொல்லுமா," என்றேன். "எழுதிக்கினு இருக்கேன்."