தண்ணீர்கூட ஒட்டாத லேப்

போன வியாழக்கிழமை எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அகலமான ஜரிகை. பலத்த கைதட்டல். அதே நேரத்தில், அதே கட்டடத்தில், நாலு அறை தள்ளி, என் அக்கா மகள் ஹேமா வெறும் தண்ணீரை அளக்க முடியாமல் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீரை அளப்பது ஒரு கஷ்டமா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்கு அவள் பார்த்த பார்வை இருக்கிறதே... சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகையைத் தாண்டிப் போனால் ஓர் இன்ஜினியரிங் காலேஜ் வரும். பெயர் வேண்டாம். அதன் தாளாளர் இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர். அதனால்தான் பொன்னாடை. அதனால்தான் பெயரும் வேண்டாம் என்கிறேன்.

அங்கே ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் ஹேமா வேலை பார்க்கிறாள். ஃப்ளூரின் அணுக்களை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை போர்த்திக்கொண்ட ரசாயனங்கள் சில உண்டு. நான்-ஸ்டிக் தோசைக்கல், மழைக்கோட்டு, எண்ணெய் கசியாத பார்சல் பேப்பர், கறை பிடிக்காத சோபா — இவற்றில் எல்லாம் இந்தக் குடும்பத்து ஆள் யாராவது உட்கார்ந்திருக்கலாம். தண்ணீர் ஒட்டாது. எண்ணெய் ஒட்டாது. வெயிலுக்கும் அசையாது, மண்ணில் போட்டாலும் மக்காது.

மக்காது என்றால் கடைசியில் எங்கே போய்ச் சேரும்? கிணற்றுக்கா, காற்றுக்கா, நம் வீட்டுக் கத்தரிக்காய்க்கா? அது தெரிய வேண்டுமானால் அதன் குணத்தை அளக்க வேண்டும். எந்தச் சூட்டில் கொதிக்கிறது, தண்ணீரில் எவ்வளவு கரைகிறது, எவ்வளவு வேகமாக ஆவியாகிறது, தண்ணீரின் மேல்பரப்பை எவ்வளவு தளர்த்துகிறது... ஹேமாவின் வேலை அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. எதிலும் ஒட்டாது என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிய பொருள், அளக்கப் போனால் மட்டும் பாத்திரத்தின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளுமாம்! கரைசலில் போட்டது ஒரு அளவு, கையில் கிடைப்பது ஒரு அளவு. நம் சொந்தத்திலும் அப்படிச் சிலர் உண்டு. கல்யாண வேலைக்குக் கூப்பிட்டால் ஆளைக் காணோம். பந்தி போட்டால் முதல் இலையில் இருப்பார்கள்.

அதனால் ஹேமாவின் லேபில் தடைமேல் தடை. மழைக்கோட்டு போட்டு வரக் கூடாது. கைக்கு க்ரீம் தடவக் கூடாது. பார்சல் பேப்பரில் சுற்றிய வடையை உள்ளே கொண்டுவரக் கூடாது. புதுத் துணி கூடவே கூடாது — கறை பிடிக்காமலிருக்க ஏதாவது பூசியிருப்பார்கள் அல்லவா? அதனால் அவள் தினமும் துவைத்துத் துவைத்துச் சாயம் போன பருத்திப் புடவையில்தான் காலேஜுக்குப் போவாள். அவளுக்கு வீட்டில் ஏதோ கஷ்டம் என்று காலேஜ் முழுக்கப் பேச்சு. “இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்காவது நல்ல புடவையா கட்டிகினு வாங்க மேடம்” என்று தாளாளரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அக்கறைதான்.

அந்த இன்ஸ்பெக்‌ஷன்தான் போன வியாழக்கிழமை. சென்னையிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு. அவர்களுக்குத் திருப்தி என்றால் திட்டம் தொடரும். இல்லை என்றால் இந்த மாதத்தோடு மூடுவிழா. ஹேமாவுக்கு வேலை போகும். அதைவிட, இரண்டு வருடமாக அவள் ஒவ்வொன்றாக அளந்து வந்ததில் கடைசி ரசாயனம் ஒன்று பாக்கி — அது அப்படியே நின்றுபோகும். அந்தக் கடைசி ஒன்றைக் குழுவின் கண்ணெதிரே அளந்து காட்டுவதாகத்தான் ஏற்பாடு.

அளக்கும் முறை எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாதா? ஒரு மெல்லிய பிளாட்டின வளையம். அதைத் தண்ணீரின் மேல் தொடவிட்டு மெதுவாகத் தூக்க வேண்டும். தண்ணீர் விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று மெஷின் சொல்லும். சுத்தமான தண்ணீர் என்றால் அறைச் சூட்டில் எழுபத்திரண்டு காட்ட வேண்டும். அரக்கோணத்திலும் எழுபத்திரண்டுதான், அமெரிக்காவிலும் எழுபத்திரண்டுதான். முதலில் தண்ணீர் சரியாக வர வேண்டும். அதற்குப் பிறகுதான் ரசாயனம்.

அன்று காலை நான்தான் ஹேமாவை ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். ஆய்வை ஒட்டி நடந்த விழாவுக்கு நான் சிறப்பு விருந்தினர் வேறு. காலேஜ் வாசலில் வாழைமரம். தோரணம். வரவேற்பு பேனரில் குழுத் தலைவரின் படத்தைவிடத் தாளாளரின் படம் பெரிது. இதெல்லாம் சகஜம். லேபுக்குள் நுழைந்தோம்... அடேயப்பா!

பளபளவென்று ஜொலித்தது. மேஜை, அலமாரி, பீக்கர், ஜாடி எல்லாமே நகைக்கடை மாதிரி மின்னின. உள்ளே எலுமிச்சை வாசனை. நடுவில், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக லேப் உதவியாளர் முனிரத்தினம்.

“வாங்க மேடம்! எப்டி கீது பாருங்க! மூஞ்சி தெரியுதா?”

ஹேமா ஒரு பீக்கரை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். சாய்த்தாள். சேப்பங்கிழங்கு இலையில் உருளுவது போல முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டு ஓடியது. கண்ணாடியில் ஈரமே இல்லை. எனக்கு அழகாகத்தான் இருந்தது. அவள் முகம் வெளுத்துப்போனது.

“அண்ணே... இதுல என்னத்த அடிச்சீங்க?”

“தாளாளர் ஐயா காருக்கு அடிக்கிற ஸ்ப்ரே மேடம். ரெண்டு பாட்டில் குட்த்து, ஒண்ணு வுடாம அடிச்சிடுன்னாரு. நேத்து சாயங்காலம் பூரா அடிச்சிகினு இருந்தேன்.”

“பீக்கர்லயுமா?”

“ஆங்! பீக்கரு, ஜாடி, தண்ணி காய்ச்சி எடுக்கிற மெஷினு... மெஷினு உள்ளாறகூட கைய வுட்டுத் தொடச்சேன். அந்த ரிங்கு மட்டும் நீங்க எங்க வெச்சீங்கன்னு தெர்ல. அதான் வுட்டுப்போச்சு. மன்னிச்சிக்கங்க மேடம்.”

வளையம் ஹேமாவின் கைப்பையில் இருந்தது. பிழைத்தது.

அவள் ஸ்ப்ரே பாட்டிலை வாங்கிப் படித்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எந்தக் குடும்பத்தைத் தன் லேபுக்குள் வர விடாமல் இரண்டு வருடமாகக் காவல் காத்தாளோ, அதே குடும்பம்! பாட்டில் பாட்டிலாக வந்து சுவரெல்லாம் குடியேறிவிட்டது.

முனிரத்தினத்தின் மேல் கோபப்பட முடியுமா? ஆய்வு வருகிறது என்றால் நாமெல்லாம் என்ன செய்கிறோம்? மந்திரி வரும் ரோட்டுக்கு மட்டும் தார் போடுகிறோம். மரத்துக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு அடிக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால் ஷோகேஸில் பூட்டி வைத்த கப் வெளியே வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க யார் வருகிறார்கள்? பாவம், அவர் ஊர் வழக்கப்படிதான் செய்தார். நன்றாகவே செய்தார்.

விஷயம் கேள்விப்பட்டுத் தாளாளர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதிலும் ஒரு கறை கிடையாது.

“இன்னா மேடம், காலங்காத்தால கண்ணு கலங்கிகினு?”

“சார், இந்த ஸ்ப்ரேல இருக்கிறதே ஃப்ளூரின் சமாச்சாரம் சார்.”

“அப்ப உங்க சப்ஜெக்ட்டேதானே! இன்னும் நல்லதாப் போச்சு!”

எனக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஹேமா விட்டுவிடவில்லை. ஆல்கஹால் ஊற்றிக் கழுவினாள். வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். முனிரத்தினமும் ஓடி ஓடிக் கழுவினார். பிறகு வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் தொடவிட்டுத் தூக்கினாள். மெஷின் ஐம்பது சொச்சம் என்றது. மறுபடியும் கழுவினாள். மறுபடியும் அதே ஐம்பது சொச்சம். தண்ணீர் காய்ச்சும் மெஷினே பாழ் என்றால் எதைக் கொண்டு கழுவுவது?

தாளாளர் எட்டிப் பார்த்தார். “எழுவத்திரெண்டு வரணும், அம்பது வந்துது. கம்மியா வந்தா நல்லதுதானே மேடம், சுகர் மாதிரி?”

பதினோரு மணிக்கு வர வேண்டிய குழு ஒரு மணிக்கு வந்தது. சென்னையிலிருந்து திருத்தணிக்கு எந்தக் குழு வந்தாலும் முதல் ஆய்வு மலை மேல்தான். ஸ்பெஷல் தரிசனம் முடிந்த பிறகுதான் விஞ்ஞானம். நெற்றி நிறைய விபூதியும் கையில் பிரசாதப் பையுமாக உள்ளே நுழைந்த தலைவர், லேபை ஒரு சுற்றுப் பார்த்தார். “வெரி நீட்! வெரி வெரி நீட்!” என்றார். தாளாளர் வெட்கப்பட்டார்.

“ஆரம்பிக்கலாமா?”

தாளாளர் ஹேமாவின் பக்கம் குனிந்தார். “நேத்து எடுத்த போட்டோவைக் காட்டிடுங்க மேடம். தண்ணி ஒரே நாள்ல மாறிடுமா இன்னா? எங்க நைனா பேர்ல இருக்கிற காலேஜ்... பார்த்துப் பண்ணுங்க.”

முந்தைய நாள் எழுபத்திரண்டு காட்டிய படம் அவள் போனில் இருந்தது. உண்மையான படம். காட்டியிருந்தால் யாருக்கும் தெரியாது. சொல்லப்போனால், காட்டித் தொலையேன் என்றுதான் எனக்கும் தோன்றியது. பத்தி எழுதுகிறவனின் நேர்மை அவ்வளவுதான்.

ஹேமா போனை எடுக்கவில்லை. வளையத்தைக் காய்ச்சினாள். தண்ணீரில் தொடவிட்டுத் தூக்கினாள். ஐம்பது சொச்சம் எல்லார் கண்ணெதிரிலும் நின்றது.

தலைவர் தொண்டையைச் செருமினார். “தண்ணிதானேம்மா? அதை விட்டுட்டு நேரா உங்க கெமிக்கலுக்குப் போயிடலாமே?”

“தண்ணியே தப்பா வர்ற இடத்துல சார், அடுத்து எது வந்தாலும் அது என் கெமிக்கலோட நம்பரா, கார் பாலீஷோட நம்பரான்னு எனக்கே தெரியாது. தெரியாததை எப்படி சார் சொல்றது?”

குழுவில் ஓர் அம்மா. அதுவரை வாயே திறக்காதவர். எழுந்து வந்து பீக்கரை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். முத்துகள் உருண்டன.

“இதை யார் அடிச்சது?”

முனிரத்தினம் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டார். தாளாளர் ஜன்னல் வழியாக வாழைமரத்தை ரசித்தார்.

“லேப் என் பொறுப்பு மேடம்” என்றாள் ஹேமா. “நேத்து நான் பூட்டி சாவிய எடுத்துகினு போயிருக்கணும்.”

பெருமையாக இருந்தது எனக்கு. ரொம்பப் பெருமை. கூடவே, போச்சுடா, இரண்டு வருடமும் போச்சு என்றும் நினைத்தேன். குழு தாளாளரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு விழா. ஹேமா வரவில்லை. லேபிலேயே இருந்தாள். எனக்குப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: “எத்தனையோ காலேஜ் பார்த்திருக்கிறேன். தண்ணீர்கூட ஒட்டாத லேபை இங்கேதான் பார்த்தேன். இதில் அளக்க வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே தாளாளரே பூசி முடித்துவிட்டார்!”

சுரீர் என்று உறைக்கும் என்று நினைத்தேன். அரங்கம் அதிரக் கைதட்டல்! தாளாளர் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். “சூப்பரா சொன்னீங்க சார்!”

அடுத்து தலைவர் முடிவைப் படித்தார். காலேஜின் உள்கட்டமைப்புக்கு முதல் தரம். லேபின் தூய்மைக்குச் சிறப்புப் பாராட்டு. கடைசி வரியாக, ஹேமாவின் திட்டம்... இப்போதைக்கு மூடவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் வருவார்கள். தண்ணீரிலிருந்து அளந்து காட்ட வேண்டும். அந்தக் கடைசி வரி யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா மேடையில் எதுவும் பேசவில்லை. தனக்குப் போர்த்திய பொன்னாடையையும் மடித்து மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

நான் லேபுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் தாளாளர் ஓடிக்கொண்டிருந்தார்.

ஹேமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முனிரத்தினம் பக்கத்தில் நின்று ஒரு பீக்கரை இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். சாயம் போன பருத்திப் புடவை; கண்ணீரை நன்றாகவே உறிஞ்சியது.

தாளாளருக்கும் மனசு இளகிவிட்டது.

“அழாதீங்க மேடம். மூணு மாசம் டைம் குட்த்துருக்காங்க இல்ல? கவலையே படாதீங்க. அடுத்த வாட்டி ரெண்டு கோட்டிங்கா அடிச்சிடலாம்!”

ஹேமா எழுந்தாள். எங்கள் மூன்று பேரையும் வெளியே வரச் சொன்னாள். கதவை இழுத்துப் பூட்டினாள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். சாவியைத் தாளாளர் கையை நீட்டுவதற்குள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

என் பொன்னாடை வேண்டுமென்றால் யாராவது வாங்கிக்கொள்ளலாம் — வீட்டில் அதன்மேல் காபி கொட்டிவிட்டது, ஒரு சொட்டுகூட ஒட்டவில்லை.