பஸ்ஸில் விற்ற புதிய கண்டுபிடிப்பு

இன்று காலை கற்பிட்டியிலிருந்து புத்தளம் போன பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஃபோனில் ஒரு வீடியோவைச் சத்தமாகப் போட்டார். சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவு நோயை, அடியோடு மாற்றும் ஒரு வேரை விஞ்ஞானிகள் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்களாம். இனி இன்சுலினே தேவையில்லையாம்.

முன் சீட்டில் கிளினிக் மருந்துப் பையோடு இருந்த ஒரு ராத்தா, என்னைவிட மூத்த பெண், திரும்பினார்.

"அப்ப தம்பி, இந்த ஊசிய நிப்பாட்டலாமா?"

"ஓம் ராத்தா, தாராளமா. வெளிநாட்டு ஆராய்ச்சி" என்றபடி தன் பையிலிருந்து அந்த வேர் மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த நாட்டு ஆராய்ச்சி? ஆர் செஞ்சது?"

"நீங்க டொக்டரா?"

"இல்ல. நீங்க?"

அவர் வீடியோவை மறுபடியும் போட்டார், இன்னும் சத்தமாக.

"நிப்பாட்டுங்க அத! ஊசிய விட்டு இவங்க மயங்கி விழுந்தா நீங்களா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீங்க?"

ராத்தா என்னைத்தான் முறைத்தார்.

"ஒவ்வொரு நாளும் குத்திக்கிறது நான், தங்கச்சி. அந்த வலி உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது ராத்தா. ஆனா டொக்டர்ட்ட கேக்காம ஊசிய மட்டும் விட்டுறாதீங்க."

  ராத்தா போத்தலை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்த மனிதர் என்னைத் திட்டிக்கொண்டே பாலாவியில் இறங்கி, அங்கே நின்ற சிலாபம் பஸ்ஸில் ஏறினார்.

அந்தப் பஸ்ஸில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அங்கே அதே போத்தலால் எந்த வருத்தம் குணமானது?