உச்சியில் கட்டிய வீடு

அன்றைக்கு அப்பா மலை ஏறியதைப் பார்த்தவர்கள், அவரை யாரோ பின்னாலிருந்து துரத்துகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். கொஞ்சதூரம் விறுவிறுவென்று ஏறுவார். சட்டென்று நின்று அடிவாரத்தைத் திரும்பிப் பார்ப்பார். பாறை கண்டால் உட்காருவார், உட்கார்ந்ததுமே எழுந்துவிடுவார். பீடியைப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நசுக்கிப் போடுவார். நான் அவர் பின்னால் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தேன்.

எங்கள் ஊர் தா.பழூர் பக்கம். சுற்றிலும் நெல் வயல்தான். மேடு என்றால் எங்களுக்குக் கொள்ளிடத்துக் கரை ஒன்றுதான். விடியும்போதே கிளம்பி, பெரம்பலூரில் பஸ் மாறி, பச்சைமலை அடிவாரத்தில் இறங்கியபோது நான் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன். அந்த மலையின் ஒரு உச்சியில் கோயில் இருந்தது. கோயில் என்றால் கூரைகூடக் கிடையாது. பாறையில் நட்ட ஒரு வேல், அதன் முன்னால் ஒரு கல்விளக்கு. சொந்த வீடு வேண்டும் என்கிறவர்கள் அங்கே ஏறிப்போய், சின்னச் சின்னக் கற்களைப் பொறுக்கி வீடு மாதிரி அடுக்கிவிட்டு வருவார்கள். எப்படி அடுக்குகிறோமோ அப்படியே அமையும் என்பது நம்பிக்கை.

வேண்டுதல் அம்மாவுடையது. நாங்கள் பெரியப்பா வீட்டில், பெரியம்மா, அவர்கள் பையன்கள் என்று எல்லோரும் ஒன்றாக இருந்தோம். அம்மா மாசமாக இருந்தாள். இன்னொரு பிள்ளை வருவதற்குள் தனியாகப் போய்விட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா ஒவ்வொரு தடவையும், "அண்ணங்கிட்ட இன்னிக்குச் சொல்லிடுறேன்" என்பார். அண்ணனைக் கண்டதும் மழையைப் பற்றிப் பேசுவார். தாய் தகப்பன் போன பிறகு அப்பாவை வளர்த்தவர் பெரியப்பாதான். கொத்து வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

கடைசியில் அம்மா, "ஒங்க அண்ணங்கிட்டதான் வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க. சாமிகிட்டயாச்சும் சொல்லிட்டு வாங்க" என்றாள். பாதி வழியில் திரும்பிவிடாமல் இருக்க என்னையும் கூட அனுப்பினாள். பெரியப்பாவிடம் மட்டும், பிரசவம் நல்லபடி ஆக வேண்டிக்கொண்டதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக் கொடுத்து, அவரே எங்களை பஸ் ஏற்றிவிட்டார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்றைக்கு எனக்கு மலை ஏறுகிறோம் என்பது ஒன்றுதான் தெரியும்.

மூங்கில் புதர்களைத் தாண்டியதும், தலையில் பலாப்பழத்தோடு ஒரு மலைக்காரர் எதிரே இறங்கி வந்தார். "இன்னும் எவ்ளோ தூரங்க?" என்று அப்பா கேட்டார்.

"பையன் போற மாரி போனா இந்தா வந்துடும். நீங்க போற மாரி போனா பொழுது சாஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அவர் நிற்காமல் போனார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "தம்பி, கால் வலிக்குதா? வலிச்சா சொல்லு, திரும்பிடலாம்."

"வலிக்கலப்பா."

"மேல காத்து அடிக்கும். பயந்துக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"பசிக்குதா?"

"இல்லப்பா. முறுக்கு தின்னேன்."

"ஒனக்கு எதுவுமே பண்ணாதாடா?" என்று எரிந்து விழுந்தார். என் திடத்தை மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் வேகமாக ஏறினேன்.

கடைசியில் வெறும் பாறை. காலை வைக்கக் குழி வெட்டி, பிடித்துக்கொள்ளச் சங்கிலி கட்டியிருந்தார்கள். காற்று அப்பாவின் வேட்டியைப் பிடுங்கிப் பறக்கவிடப் பார்த்தது. அங்கே எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. சொன்னால் திரும்பிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

உச்சி முழுக்கக் கல் வீடுகள். பெரம்பலூரிலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் வேலுக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா தள்ளி உட்கார்ந்து இரண்டு கல்லை வைத்தார். மூன்றாவது சரிந்தது. மறுபடியும் வைத்தார். இந்தத் தடவை நின்றது. அதை அவரே எடுத்துப் போட்டார். திரும்பவும் வைத்தார்.

அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏண்ணே, வூடு கட்டுறீங்களா, இடிக்கிறீங்களா?" என்றாள்.

அவள் புருஷன், "என்ன வேல பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"கொத்து வேலைங்க."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கொத்தனாருக்கே நிக்கலன்னா நாங்க கட்டுனது எங்க நிக்கப் போவுது!"

அப்பாவும் சிரித்தார். பிறகு கையைத் தட்டிவிட்டு எழுந்து, "தம்பி, நீ அடுக்கு" என்றார்.

"எப்புடிப்பா?"

"ஒனக்கு எப்புடித் தோணுதோ அப்புடி."

சொல்லிவிட்டு ஓரமாகப் போய், எங்கள் ஊர் இருக்கும் திசையைப் பார்த்தபடி நின்றார். கீழே ஏரிகள் தகரத் துண்டுகள் மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

எனக்கு அது விளையாட்டு. அகலமாகக் கட்டினேன். வாசலோரம் பெரியப்பாவுக்கு ஒரு அறை, அவர் இருமிக்கொண்டு அடிக்கடி வெளியே வருவார். பக்கத்தில் பெரியம்மாவுக்கு. அப்புறம் அப்பா, அம்மா. அண்ணன்களுக்கும் எனக்கும் சேர்த்துப் பெரிதாக ஒன்று. பின்னால் ஒரு அடுப்படி. யார் யாருக்கு எது என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடுக்கினேன். நிமிர்ந்தபோது அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, வாசலோரத்தில் ஆடிக்கொண்டிருந்த கல்லுக்கு அடியில் ஒரு சில்லைச் செருகி, பெருவிரலால் அழுத்தினார்.

"இப்ப நிக்கும்" என்றார்.

இறங்கும்போது அவர் எங்கேயும் நிற்கவில்லை. அடிவாரத்தில் எனக்குக் கொய்யாப்பழம் வாங்கித் தந்தார். பஸ்ஸில் என்னை மடியில் போட்டுக்கொண்டு தூங்கினார். ஊர் நெருங்கியதும் மறுபடி இருப்புக்கொள்ளாமல் எழுந்துகொண்டு, உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு சேர்ந்தோம். அம்மா கொல்லைப்புறத்துக் கிணற்றடியிலேயே காத்திருந்தாள். "அடுக்குனீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ம். தம்பி கையாலதான்" என்று அப்பா வாளியை எடுத்தார்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதுவும் நல்லதுதான். கொழந்த கை." என் தலையில் கையை வைத்தாள். "எப்புடிய்யா கட்டுன? சொல்லு."

நான் கூச்சப்படும் பையன். ஆனாலும் அன்றைக்கு ஒரு அறை விடாமல் சொன்னேன். பெரியப்பா அறையில் தொடங்கி அண்ணன்கள் வரைக்கும். தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுபோனது.

"அடுப்படி?" என்றாள்.

"பின்னால."

"எத்தன?"

"ஒண்ணுதாம்மா."

கையை எடுத்துக்கொண்டாள். அடுப்படி சிறியதாக இருக்கும் என்று வருத்தப்படுகிறாள் போல என்று எனக்குப் பட்டது. "பெருசாத்தாம்மா வெச்சேன். எல்லாருக்கும் ஒரே நேரத்துல சோறாக்கலாம்" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்தாள். கூடவே இருந்து பார்த்தவர் அவர்தான், அவர் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா நம்பிவிடுவாள் என்று நானும் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.