மீசை வைத்த பூதம்

“…பல்லு சரி, கண்ணு சரி, பார்த்தாலே ஓடத் தோணுது, எல்லாம் சரிதான்பா. ஆனா இந்த மூஞ்சிய நான் எங்கியோ பார்த்திருக்கேனே!” என்றார் மீன்கார அக்கா. ஒரு கை இடுப்பில், ஒரு கை வெயிலுக்கு மறைப்பாக நெற்றியில். அவருடைய புது வீட்டு வாசலுக்கு மேலே, ஈரம் காயாத பெயிண்டில், ஒரு பூதம் கடலைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தது. கீழே நாங்கள் நின்றிருந்தோம். அந்த மூஞ்சி யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, அனுமந்தைப் பக்கத்தில் ஒரு குப்பத்துக்காரர்களுக்குப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே சிமெண்ட் கொட்டகைக்குக் காவல். மூட்டைகள் பேசாது, எனக்கோ பேச்சில்லாமல் சோறு இறங்காது. அதனால் போகிற வருகிற எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கதை கேட்பேன். அப்படிப் பழக்கமானவர்தான் மீன்கார அக்கா. அலை வந்த அன்று குடும்பத்தோடு உயிர் தப்பியவர். பழைய வீடு மிச்சமில்லாமல் போய், தற்காலிகமாகப் போட்டுக் கொடுத்த தார் ஷீட் கொட்டகைக்குள் வெந்துகொண்டிருந்தார். புது வீடு தயாராகிவிட்டது. ஆனால் அவர் குடிபோக மறுத்தார். வீடுகள் எல்லாம் ஒரே அச்சு, வாசல் எல்லாம் கிழக்கே கடலைப் பார்த்து. அதுதான் அவருக்கு ஆகவில்லை.

“கடலுக்கு நம்ம வூட்டு வழி தெரிஞ்சுபோச்சுங்க. இனிமே கூப்பிடாமலே வரும். ‘எங்க வந்த?’ன்னு வாசல்லயே நிறுத்திக் கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?” என்பார். அந்த ஆள்தான் பூதம். திருஷ்டிக்கு எல்லோரும் கட்டுகிற பூசணிக்காய் கடலுக்கு எந்த மூலைக்கு என்பது அவர் கேள்வி. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் பேசும்போது ஒரு தடவைகூடக் கடல் பக்கம் திரும்பமாட்டார். அவர் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். வீட்டு வேலை சூப்பர்வைசர் வந்து, அந்த வாரத்துக்குள் குடிவராவிட்டால் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அசையவில்லை. பூதம் வந்தால் நான் வருவேன், அவ்வளவுதான்.

பூதம் போட வந்தவர் பெயிண்டர் அண்ணன். சுவர் விளம்பரத்தில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஓட்டுக் கேட்டுக் கும்பிடும் தலைவர்கள், உப்புப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டும் பெண்மணி, தலைமுடி எண்ணெய்க்கார அம்மா என்று எல்லோரையும் சுவரில் சிரிக்க வைத்தவர். அங்கேதான் சிக்கல். முதல் பூதத்தைப் போட்டு முடித்து அவர் ஸ்டூலை விட்டு இறங்கியதும் அக்கா கேட்டார்: “ஏம்பா பெயிண்டரு, இது கடலைத் தொரத்துமா? ‘வாங்க, காபி சாப்பிட்றீங்களா’ன்னு கேக்குதே!” உண்மைதான். கோரைப்பல்லுக்கு நடுவே ஒரு புன்னகை நின்றது. அண்ணன் வெள்ளையடித்து அழித்துவிட்டு வேறொன்று போட்டார். அது கல்யாண மாப்பிள்ளை போட்டோவுக்கு நிற்பது போல இருந்தது. “சிரிச்ச மூஞ்சியாவே போட்டுப் போட்டு கை அப்படியே வளைஞ்சிடுச்சுப்பா,” என்று என் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் எல்லை முனீஸ்வரனைப் பார்க்கப் போனார். முட்டைக்கண்ணும் அரிவாளுமாக உட்கார்ந்திருந்த முனியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். திரும்பும் வழியில் அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. “சிரிக்கிற படம் நம்மகிட்ட எதையோ வாங்க வந்திருக்குதுப்பா. முறைக்கிற படம் நமக்காகக் காவல் நிக்குது. நான் இத்தனை நாளா வாங்க வந்ததையே வரைஞ்சிட்டு இருந்திருக்கேன்.” எனக்குப் படிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிப்பேன், அவ்வளவுதான். குகையில் குடியிருந்தவன் மாட்டையும் மானையும் பாறையில் வரைந்தான் என்று அப்படி எதிலோ படித்தபோது, வேலை வெட்டி இல்லாமல் வரைந்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு வண்டியின் பின்னால் உட்கார்ந்து வரும்போது வேறு மாதிரி தோன்றியது. அவனுக்கும் வெளியே ஏதோ ஒரு பயம் இருந்திருக்கும். பசியோ, புலியோ. உள்ளே படுத்துத் தூங்க அவனுக்கும் சுவரில் ஒரு துணை தேவைப்பட்டிருக்கும். கோயில் வாசலில் கதாயுதத்தோடு நிற்கும் காவலர்களும் அந்தத் துணையின் சொந்தக்காரர்கள்தானே. அக்கா கேட்டது ஒன்றும் புதிதில்லை. சுனாமி வீட்டுக்காரி கேட்டாள் என்பதுதான் புதிது.

முனியைப் பார்த்து வந்து போட்ட பூதமும் தேறவில்லை. உப்பளத்திலிருந்து கரையேறி வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். “ஐயய்யோ, மெட்ராஸ் ஐ வந்த ஆளு மாதிரி இருக்குதுடி. பயமா இல்ல, பாவமா இருக்குது!” என்று ஒருத்தி சொல்ல, கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்து, கொட்டகைக்கே திரும்பிப் போய்விட்டார்.

வாரக் கடைசியில் சூப்பர்வைசர் இரண்டு ஆட்களோடு வந்து கொட்டகையின் ஷீட்டைப் பிரிக்கச் சொன்னார். அடுப்பில் குழம்பை அப்படியே விட்டுவிட்டு அக்கா வெளியே வந்தார்.

“தொடுறா பார்க்கலாம்! ஷீட்டுல கைய வச்சியோ, அந்தக் கை உனக்கு இல்ல! என் புள்ளைங்க உள்ள கீறாங்கடா! எவன் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வரணும்!”

கூந்தல் அவிழ்ந்திருந்தது. கண் இரண்டும் வெளியே வந்து நின்றன. நாக்கைக் கடித்துக்கொண்டு கரண்டியை ஓங்கினார். ஆட்கள் ஓடினார்கள், சூப்பர்வைசர் அவர்களுக்கும் முன்னால். எனக்குப் பின்னால் கரகரவென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் சிமெண்ட் கொட்டகைக் கதவில் கரித்துண்டால் பெயிண்டர் அண்ணன் வரைந்துகொண்டிருந்தார். கை வளையவே இல்லை. முடித்துவிட்டுப் பார்த்தவர், அவரே பயந்துபோய், “மீசை வச்சிட்டா அடையாளம் தெரியாதுப்பா,” என்றார்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். வழியில் புதுச்சேரிக் கடைகளில் பிளாஸ்டிக் பூதங்கள் ஒரே அச்சாகத் தொங்குகின்றன. யார் வீட்டுக்குப் போகிறோம், எதற்கு முறைக்கிறோம் என்று அவற்றுக்குத் தெரியாது. அக்கா வீட்டுப் பூதம் இன்னும் வாசலுக்கு மேலேதான் இருக்கிறது. உப்புக்காற்று தின்றதில் மீசை சுத்தமாகப் போய்விட்டது. மற்றதெல்லாம் அப்படியே. “கடல் இந்தப் பக்கமே வரலியே அக்கா,” என்றேன். “வந்திருக்கும். பார்த்துட்டுப் போயிருக்கும்,” என்றார்.

வாசலில் பூதம் ஏறிய அன்றைக்கு மீசை புதுசு. “எங்கியோ பார்த்திருக்கேனே,” என்று மறுபடியும் சொன்னார் அக்கா. பெயிண்டர் அண்ணன் பிரஷ்ஷைக் கழுவுகிறவர் போலக் குனிந்துகொண்டார். “உனக்கு யாருன்னு தெரியுதா?” என்று தன் வீட்டுக்காரரைக் கேட்டார் அக்கா. அவர், “எனக்கு ஒண்ணும் தெரியலியே,” என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கடலைப் பார்த்தார். அக்காவும் திரும்பிக் கடலைப் பார்த்தார், கொஞ்ச நேரம், கண்ணெடுக்காமல். பிறகு ஸ்டூலில் ஏறினார். தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துப் பூதத்தின் நெற்றியில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிட்டார். இறங்கி, அரிசிப் பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.