அஞ்சலை அக்கா கிளிக்கு வைத்த எண்ணெய்

காறிப்போன தேங்காயெண்ணெய் வாடை. அதோடு கலந்த அடுப்புப் புகை. ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது விமானச் சத்தம் இல்லை, இந்த வாடைதான்... ஒரு கிளியின் மேலிருந்து வந்த வாடை.

உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள்.

பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போது நான் டிரெசர். கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் முறையாகப் படித்துத் தேறியவன். தேறி என்ன பயன்? மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா தீர்ந்து, வெறும் புட்டிகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை எங்கள் தோட்டத்து அஞ்சலை அக்கா ஒரு கூண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே இருப்பது கிளி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். நெஞ்சு மொட்டை. முதுகில் நாலைந்து இறகு, அதுவும் விளக்குத் திரி மாதிரி ஒட்டிக்கொண்டு...

"மனுசனுக்கே மருந்து இல்ல, கிளிக்கு எங்கக்கா போறது? தூக்கிட்டுப் போங்க."

அவர் நகரவில்லை.

"பேச்சு நின்னு போச்சு டிரெசரய்யா. அவரு கொரலு இதுகிட்டத்தான் இருக்கு."

அவர் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். கடிதம் இல்லை, தகவல் இல்லை. பால்மரம் வெட்டுகிற மனிதர், விடிவதற்கு முன் வாசலில் நின்று "அஞ்சலே, வாளி எங்க?" என்று கத்துவார். அவர் போன பிறகும் கிளி அதே குரலில், அதே நேரத்துக்குக் கத்திக்கொண்டிருந்தது. இப்போது சில வாரமாக அதுவும் இல்லை.

கூண்டைத் திறந்து கிளியைப் பிடித்தேன். கை வழுக்கியது.

"என்னத்தப் பூசினீங்க?"

"தேங்கா எண்ணெதான். முடி கொட்டுனா எண்ணெ வைக்க மாட்டமா? என் தலைக்குக்கூட வைக்காம இதுக்கு வைக்கிறேன்."

உண்மைதான். அவர் தலை தேங்காய் நார் மாதிரி இருந்தது. அதைப் பார்த்தும் நான் கத்தினேன். "அது முடியில்லக்கா, இறகு! எண்ணெ பட்டா ஒட்டிக்கும். குளிர் தாங்காது. அதுவே கொத்திப் பிடுங்கிப் போட்டுரும். திங்கறதுக்கு என்ன குடுக்கறீங்க?"

"அவிச்ச மரவள்ளி. நான் திங்கறதுதான்."

"கூண்டு எங்க தொங்குது?"

"அடுப்புக்கு மேல. வெளிய வச்சா எவனாச்சும் சுட்டுத் தின்னுருவான்லா."

எண்ணெய், மரவள்ளி, புகை. கோளாறு தெரிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியாது. கூண்டை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காலை வெயில் படுகிற பக்கம் மாட்டினேன். மிச்சமிருந்த சவுக்காரத் துண்டை வெந்நீரில் கரைத்து, மூன்று நாள் விட்டு விட்டுக் குளிப்பாட்டினேன். நன்றி சொல்வதற்குப் பதில் கடித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

முளைகட்டிய நெல், பப்பாளி, பச்சை மிளகாய், முருங்கைக்கீரை. கோலா கெடாவிலிருந்து கருவாடு கொண்டுவருகிறவரிடம் கிளி கொறிக்கக் கணவாய் ஓடு கேட்டேன். "கிளிக்கா!" என்று சிரித்துவிட்டு, அடுத்த முறை ஒரு பை நிறையக் கொடுத்தார்.

கடைசியாகத் தவிடு. அங்கேதான் தகராறு.

"தவிடா? மாட்டுக்குப் போடறதயா?"

அப்போதுதான் அக்காவின் காலைக் கவனித்தேன். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விழுந்த குழி அப்படியே நின்றது. பெரிபெரி, தவிட்டில் இருக்கிற சத்து இல்லாமல் வருகிற வீக்கம். தவிட்டுக் கஞ்சி குடியுங்கள் என்று தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாகப் போய்க் கத்தியவன் நான். ஒருவரும் கேட்கவில்லை, மானப் பிரச்சினை.

கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

"கிளி தனியாத் திங்காதுக்கா. நீங்க எதிர்ல உக்காந்து மொதல்ல ஒரு கிண்ணம் குடிச்சுக் காட்டணும். தெனமும்."

"அப்பிடியா?"

"படிச்சவன் சொல்றேன்ல!"

என் படிப்பில் கிளியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

தினமும் வந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். கிளி பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை, எனக்குப் பொறுமை போனது. ஒரு நாள் மறுபடி எண்ணெய் வாடை! "எண்ணெ வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!" அந்த மாதத்தில் இதை எத்தனை முறை கத்தினேனோ...

பிறகு கிளியின் நெஞ்சைத் தடவினால் முள் முள்ளாக ஏதோ கையில் குத்தியது. இறகுக் குருத்து! அது விரிந்து, பச்சை வந்து, வெயில் பட்டால் மின்ன ஆரம்பித்தது. வால் நீண்டது.

ஒரு காலை, அக்கா கஞ்சிக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோன நேரம்... "அஞ்சலே, வாளி எங்க?"

கிண்ணம் கீழே விழுந்தது. ஓடிப்போய்க் கூண்டைப் பிடித்துக்கொண்டார். ஓடினார், அதுதான் எனக்கு முக்கியம். கால் வீக்கம் வடிந்திருந்தது.

ஜப்பான் சண்டை முடிந்தது. சயாமுக்குப் போனவர்களில் பல பேர் வரவே இல்லை. அக்காவின் புருஷன் வந்தார், கம்பை ஊன்றிக்கொண்டு, வீங்கிய காலோடு. கேள்விப்பட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு அங்கே வேலையே இல்லை. அவர் கையில் தவிட்டுக் கஞ்சி, பக்கத்தில் முருங்கைக்கீரை. எதிரே அக்கா தன் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"தனியாத் திங்க மாட்டாருய்யா," என்றார், என்னைப் பார்த்துச் சிரிக்காமல்.

என் பொய் எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அலமாரி நிறைய மருந்து இருக்கிறது. கடையில் வெள்ளை வெளேரென்று அரிசி. தவிட்டை மறுபடி மாட்டுக்குத்தான் போடுகிறார்கள். கலர் மாத்திரை கொடுத்தால்தான் என்னை டிரெசர் என்று மதிக்கிறார்கள். எழுதிக் காட்ட எத்தனையோ கேஸ் உண்டு. ஆனால் வெறும் புட்டிகளை வைத்துக்கொண்டு நான் ஜெயித்தது அந்த ஒன்றுதான்.

போன சனிக்கிழமை அந்த லயத்துப் பக்கம் போனேன். வாசலில் புருஷனை உட்காரவைத்து, அக்கா அவர் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். உத்தரத்துக் கூண்டிலிருந்து, அச்சு அசல் என் குரலில் ஒரு அதட்டல்:

"எண்ணெ வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!"