கம்மியானால் சிவப்பு

ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் நான் தையல் மிஷினில் உட்கார்ந்த காலத்தில், என் வரிசையில் என்னை மிஞ்சித் தைத்தவள் கிடையாது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தோலின் ஓரம் பிசகாமல் ஊசியை ஓட்டுவேன். மாதனூரிலிருந்து நான் வரும் கம்பெனி பஸ்ஸில்தான் என் ஓரகத்தியும் வருவாள். எனக்கு அடுத்த மிஷின். அவளுக்குக் கை மந்தம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்கு உடம்பு முடியாமல் வேலை பின்தங்கினால், பக்கத்தில் இருப்பவள் தான் தைத்து முடித்ததில் சில ஜோடிகளை அவள் கட்டோடு சேர்த்துவிடுவாள். உடம்பு தேறியதும் அவள் திருப்பித் தைத்துத் தருவாள். சூப்பர்வைசருக்கும் தெரியும். வரிசையின் மொத்தம் சரியாக வந்தால் அவருக்குப் போதும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் கம்ப்யூட்டர் வந்தது. காலையில் ஒவ்வொருத்திக்கும் கொடுத்தது ஒரு ஷீட்டில், சாயங்காலம் அவளிடம் வாங்கியது இன்னொரு ஷீட்டில். அந்தக் கட்டத்தையும் இந்தக் கட்டத்தையும் அதுவே பொருத்திப் பார்த்து, கம்மியானால் தானாகச் சிவப்பு அடிக்கும்படி ஆபீசர் செய்து வைத்தார். “யார் மூஞ்சியும் பாக்காதும்மா இது” என்று சொல்லித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சிவப்பு விழுந்துகொண்டே இருந்தால் மிஷினை விட்டு எழுப்பி, நூல் வெட்டும் மேஜைக்கு அனுப்புவார்களாம். புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்கள் உட்காரும் இடம் அது. சம்பளமும் கம்மி, மரியாதையும் கம்மி.

ஓரகத்திக்குக் காய்ச்சல் வந்தது. கேட்டாள், கொடுத்தேன். மறுநாளும் கேட்டாள். அவள் கட்டம் வெள்ளையாக இருந்தது, என் கட்டம் சிவந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் அவள் திருப்பித் தைக்கவில்லை. ஆபீசர் வந்து என்னிடம் காரணம் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலை நிமிராமல் சொன்னாள்:

“அக்காவுக்கு வயசாவுது இல்ல சார். கண்ணு செரியா தெரியல போலக்குது.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். வாங்கினவள் வாய் திறக்காதபோது, கொடுத்தவள் நின்று பிச்சை கேட்பதா? எழுந்து நூல் வெட்டும் மேஜைக்குப் போய்விட்டேன். என் மிஷினில் வேறொருத்தியை உட்கார வைத்தார்கள்.

தைத்ததெல்லாம் நூல் வெட்டும் மேஜைக்குத்தான் வரும். கோணல் இருந்தால் திருப்பி அனுப்புவதும் அந்த மேஜையின் வேலை. மற்றவர்கள் தைத்ததில் மயிரிழை கோணினால் விட்டுவிடுவேன். அவள் தைத்ததில் விடவில்லை. பொய்யாக ஒன்றைக்கூடத் திருப்பவில்லை. அவள் தையல் அப்படி. திருப்பியது கணக்கில் ஏறாது. அவள் கட்டமும் சிவந்தது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து நின்றாள்.

“கொஞ்சம் பாத்து வுடுக்கா. பொண்ண இப்பத்தான் நர்சிங்ல சேத்துருக்கேன்.”

“நானா செவப்பு அடிக்கிறேன்? போய் அந்தப் பொட்டியக் கேளு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். பசி நன்றாக இருந்தது.

அந்த மாதமே அவளையும் எழுப்பிக் கொண்டுவந்து எனக்கு எதிரில் உட்கார வைத்தார்கள். மூட்டு தேய்ந்து நான் வேலையை விட்டு நின்றுகொள்ளும்வரை எதிரும் புதிருமாக நூல் வெட்டினோம். அவள் கத்தரிக்கோல் அடிக்கடி மழுங்கிப்போகும், என்னுடையதைப் பார்ப்பாள். நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.